அண்ணன் எழுந்து போன கூட்டம்

டயர்க்கடைக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தபோது, அவருடைய தங்கை முதல் படத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

சுவரில் பச்சை பிளாஸ்டிக் பெட்டி ஒன்று பெரிதாகத் தெரிந்தது. தங்கை கையில் ரிமோட்டோடு வாயைத் திறந்தபடி நின்றாள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த வியாபாரிகள் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றார் டயர்க்காரர். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இருந்தாலும் வாய்விட்டுச் சொல்றது முறை. இவ என் கூடப் பொறந்தவ. இவ தொழில்ல பணம் போடலாமா வேண்டாமான்னு பேசற இடத்துல நான் இருக்கக் கூடாது. நீங்க பேசி முடிங்க. நான் கீழ இருக்கேன்."

பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். படியிறங்கும்போது மனசு லேசாக இருந்தது. பரீட்சையில் கடினமான கேள்விக்குச் சரியான விடை எழுதிவிட்டு வருகிற பையனைப் போல இருந்தார்.

சனிக்கிழமை வட்டம் என்பது கடைவீதியில் கொஞ்சம் காசு பார்த்த வியாபாரிகளின் கூட்டம். முன்பெல்லாம் கையில் மிஞ்சினால் மனை வாங்கிப் போடுவார்கள். மனை விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, பெயின்ட் கடைக்காரரின் மகன் வெளியூரிலிருந்து ஒரு யோசனையோடு வந்தான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பதிலுக்கு அவர்கள் கம்பெனியில் பங்கு வாங்கிக்கொள்வது. அதற்கு ஏஞ்சல் முதலீடு என்று பெயர் என்றான். "ஏஞ்சல்னா தேவதைதானே? இந்தத் தொப்பையைத் தூக்கறதுக்கு எத்தனை ரெக்கை வேணும்?" என்று பம்ப்செட் வியாபாரி கேட்டது இன்றைக்கும் அங்கே ஓடுகிற ஜோக்.

பெரிய நகரத்தில் இதற்கென்று நடந்த பயிற்சி வகுப்புக்கு வட்டத்திலிருந்து போய் வந்தவர் டயர்க்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் கடையை யார் பார்ப்பது என்று கழன்றுகொண்டார்கள். வகுப்பில் அவர் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்த பாடம் ஒன்று உண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் உன் சொந்தம் நின்றால், இந்தப் பக்கத்திலிருந்து நீ எழுந்துவிட வேண்டும். என்ன அழகான பாடம் என்று அன்றைக்கே நினைத்தார். கடைப்பிடிக்க இப்போது வாய்த்தது.

கீழே பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிற இயந்திரம் டப்பாக்களைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தது. வெளியே தூறல். ஓரமாக நின்ற வேனுக்குள் தங்கையின் கணவர் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். பெட்டி வேனை அவர்தான் ஓட்டுகிறார். பார்த்துக்கொண்டிருந்த கணக்கர் வேலையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்கு டிரைவராக வந்தவர் என்பதால், கடைவீதியில் அவருக்கு 'சம்சாரத்து டிரைவர்' என்று பெயர். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

"என்ன மச்சான், அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"இல்ல மாப்பிள்ளை. நான் வெளிய வந்துட்டேன். தங்கச்சி விஷயத்துல நான் உட்காரக் கூடாது. அதுதான் முறை."

மாப்பிள்ளை மெல்லுவதை நிறுத்தினார். "யாரு முறை?"

டயர்க்காரர் விளக்க ஆரம்பித்தார். பாதி விளக்கத்தில் தங்கை படியிறங்கி வந்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் யாரும் அந்தப் படியில் இறங்கியதில்லை. டீ வருவதற்குள் ஒருத்தரையும் அவர்கள் விட்டதில்லை.

"என்ன சொன்னாங்க?"

"பார்த்துச் சொல்றோம்னாங்க."

"நல்லதுதானே?"

தங்கை அவரை ஒரு கணம் பார்த்தாள். "நீ போனதுக்கப்புறம் யாரும் ஒரு கேள்விகூடக் கேக்கல அண்ணே. எல்லாப் படத்தையும் காட்டி முடிச்சேன். நல்லா இருக்குன்னாங்க. அவ்வளவுதான்."

வேனில் ஏறிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் அவருக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

*

வறுத்த மீனைத் தட்டில் வைக்காமல் கரண்டியிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள் டயர்க்காரரின் மனைவி.

"எழுந்து போயிட்டீங்களாமே."

"யார் சொன்னா?"

"மருந்துக்கடை அக்கா போன் பண்ணாங்க. எழவு விசாரிக்கிற குரல்ல பேசினாங்க."

டயர்க்காரர் சோற்றைப் பிசைந்தபடி வகுப்பைப் பற்றிச் சொன்னார். பாரபட்சம் என்றார். நேர்மை என்றார். கடையில் மாட்டியிருக்கிற சான்றிதழையும் விடவில்லை. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மீன் கரண்டியிலேயே இருந்தது.

"உங்க வாத்தியாருக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"அதை நான் கேக்கல."

"கேட்டிருக்கணும். மருந்துக்கடைக்காரர் மருமகன் கண்ணாடிக்கடை தொறந்தானே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கடைவீதியில் யார் கடை திறந்தாலும், சொந்தக்காரர் ஒருவர் உள்ளே போய் முதல் பொருளை வாங்கிக்கொண்டு வரும்வரை மற்றவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. உள்விவகாரம் தெரிந்தவன் காசைக் கொடுக்கட்டும், அப்புறம் நாம் கொடுப்போம் என்கிற கணக்கு. கண்ணாடிக்கடை திறப்பு அன்றைக்கு பார்வையில் ஒரு குறையும் இல்லாத மருந்துக்கடைக்காரர் உள்ளே போய், பவர் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். படி தெரியாமல் தடுமாறினார். டயர்க்காரர்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அப்புறம்தான் கூட்டம் உள்ளே நுழைந்தது.

"அது கடை," என்றார் டயர்க்காரர். குரலில் தெம்பு இல்லை. "இது முதலீடு. இதுக்கு வேற முறை."

"உங்களுக்கு வேற. அங்க உட்கார்ந்திருந்தவங்களுக்கு? அண்ணன் வாங்கல. வாங்காட்டியும் பரவாயில்ல, கடையை விட்டே எறங்கி ஓடறான். உள்ள ஏதோ பாம்பைப் பார்த்திருக்கான். அப்படித்தானே நினைப்பாங்க?"

தண்ணீரைக் குடித்தார்.

வாத்தியார் சொன்னதில் தப்பில்லை. அவர் ஊரில் எழுந்து போனால் அது நேர்மை. இந்தக் கடைவீதியில் எழுந்து போனால் அது சாட்சி சொன்ன மாதிரி. ஒரே நாற்காலி, ஒரே மனிதர், எழுந்த விதமும் ஒன்றுதான். எழுந்த இடம் வேறு.

"இப்ப சாப்பிடுங்க," என்று மனைவி மீனைத் தட்டில் வைத்தாள். அது ஆறிப்போயிருந்தது.

*

தங்கையின் தொழிலை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். காய்கறி மொத்த மார்க்கெட்டில் தக்காளியும் பழமும் ஏறி இறங்குகிற பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொரு மண்டிக்காரரும் சொந்தமாகப் பெட்டி வாங்குவார், பெயர் எழுதுவார், தொலைப்பார், அடுத்தவர் பெட்டியை எடுத்துத் தன் பெயரை எழுதுவார், சட்டையைப் பிடிப்பார். தங்கை சொன்னாள்: யாருக்கும் சொந்தப் பெட்டி வேண்டாம். எல்லாம் ஒரே பச்சை. நான் கழுவிக் கொண்டுவந்து தருகிறேன், ஒவ்வொரு நடைக்கும் வாடகை கொடுங்கள், காலிப் பெட்டியை நானே வந்து பொறுக்கிக்கொள்கிறேன். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பெட்டியில் ஒட்டியிருக்கிற வில்லையைப் போனில் காட்டினால், எந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று போன் சொல்லிவிடும்.

சின்ன மண்டிகள் பிடித்துக்கொண்டன. இப்போது மார்க்கெட் கமிட்டியே மொத்த மார்க்கெட்டையும் கொடுக்கத் தயார். மாம்பழம் இறங்குவதற்குள் பெட்டிகளைத் தயாராக அடுக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பெட்டி வார்க்கிற தொழிற்சாலையோ முன்பணம் வராமல் அச்சைத் தொடாது. அந்த முன்பணத்துக்குத்தான் அவள் சனிக்கிழமை வட்டத்தின் படியேறினாள். சீசன் கை நழுவினால் கமிட்டி பழைய வழிக்கே போய்விடும். பெட்டி கழுவுகிற வாடகை ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான்.

இந்த நிலையில் பம்ப்செட் வியாபாரி கார் சக்கரத்தைச் சரிபார்க்க டயர்க்கடைக்கு வந்தார். சக்கரத்தில் ஒன்றுமில்லை. பேச்சுக்காக வந்திருக்கிறார் என்று கார் வந்து நின்ற கோணத்திலேயே டயர்க்காரருக்குத் தெரிந்தது.

"நீங்க பண்ணதுதான் சரி," என்றார் பம்ப்செட் குரலைத் தாழ்த்தி. "சொந்தம்னாலும் மறைக்காம காட்டிட்டீங்க பாருங்க."

"எதைக் காட்டினேன்?"

"சொல்ல வேண்டாம். வீட்டு விஷயம். எனக்குப் புரியும்." பம்ப்செட் ஒரு டயரை எடுத்துவைத்து அதன்மேல் உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்கு ஏதாவது பழக்கம் இருக்கா?"

"அவருக்கு பன் தின்கிற பழக்கத்தைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது. தொழில்ல ஒரு கோளாறும் இல்ல. வகுப்புல சொன்னாங்க, அதனால எழுந்தேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். நீங்க விட்டுக்கொடுத்துப் பேச மாட்டீங்க. அண்ணன் இல்லையா."

இனி டயர்க்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அது தங்கை மானத்தைக் காப்பாற்றுகிற சத்தியமாகத்தான் கணக்கில் ஏறும். பம்ப்செட் போன பிறகு வெகுநேரம் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அதைக் கழற்றிவிடலாமா என்று ஸ்டூலில்கூட ஏறினார். கடைப் பையன்கள் பார்க்கிறார்கள் என்றதும் தூசி தட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

*

ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்குதான் விழித்துக்கொண்டது. அழுகிய தக்காளி, சோப்பு, சுடுதண்ணீர் ஆவி. தகரக் கூரைமேல் மழை பிடித்துக்கொண்டு அடித்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் வரிசையாக நின்று வேலை பார்த்தார்கள். ஒருத்தி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். இன்னொருத்தி பிரஷ்ஷை மூலைக்குள் விட்டுச் சுழற்றினாள். அடுத்தவள் தண்ணீர்த் துப்பாக்கியைப் பிடித்தாள். கழுவின பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல் பச்சைச் சுவராக நின்றன.

தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆவிக்குள் நின்றிருந்தாள். அவள் கையிலும் பிரஷ்.

"வா அண்ணே. சாப்பிட்டியா?"

"ஆச்சு." அவருக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. எங்கே நின்றாலும் தண்ணீர் தெறித்தது. "நான் ஒண்ணு சொல்றேன், கேளு. வட்டத்தை விடு. முன்பணம் நான் தர்றேன். என் பணம், யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"எதுக்கு?"

"எதுக்கா? பெட்டி வார்க்கத்தான்."

"அதில்ல. நீ எதுக்குத் தர்றே?"

பிரஷ் பிடித்திருந்த பெண்கள் வேலையைக் குறைக்காமல் காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

"உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது," என்றாள் தங்கை. "அண்ணி திட்டினதுக்கும், பம்ப்செட்காரர் வந்து துக்கம் விசாரிச்சதுக்கும் சேர்த்துத் தர்ற பணம். அது வேண்டாம் அண்ணே. அதை வாங்கினா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க? யாரும் போடல, பாவம்னு அண்ணன் போட்டான்னு பேசுவாங்க. கமிட்டியும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

தங்கை கையிலிருந்த பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். அவருக்கும் ஒன்றைத் தள்ளிவிட்டாள். ஈரம். உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாமச் சொல்லு. வகுப்புக்காக மட்டும்தான் எழுந்தியா?"

மழைச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். ஆனால் அவள் இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள்.

"இல்ல," என்றார் டயர்க்காரர்.

"சொல்லு."

"நீ கேக்கிற விலை எனக்கு அதிகமாப் படுது. இத்தனை பணத்துக்குப் பத்துல ஒரு பங்குதான்னு சொல்றே. அப்புறம்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெட்டி திரும்ப வருமான்னு எனக்குச் சந்தேகம். மண்டிக்காரங்களை எனக்குத் தெரியும். அவங்களுக்கு டயர் வித்தவன் நான். வாங்கின எதையும் திருப்பித் தர்ற ஜாதி இல்ல அது. நீ பெட்டி பெட்டியாக் கொடுத்துக்கிட்டே இருப்பே, அவங்க வச்சுக்கிட்டே இருப்பாங்க."

"அதை ஏன் அங்க கேக்கல?"

"நாலு பேர் நடுவுல உன்னைக் கேள்வி கேக்கறதா? என் வாய் எப்படிம்மா வரும்? அதான் வகுப்பு நல்ல சாக்காக் கிடைச்சுது."

தங்கை சிரித்துவிட்டாள். கோபத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை.

"ஏன் அண்ணே, உன் கடைக்கு ஒருத்தன் வர்றான். விலை கேக்கறான், சரிங்கறான், நல்லா இருக்குங்கறான். அவன் வாங்குவானா?"

"வாங்க மாட்டான். அவன் மழைக்கு ஒதுங்கினவன்."

"இன்னொருத்தன் டயரைத் தட்டறான், திருப்பறான், இது பழைய சரக்குங்கறான், பக்கத்துக் கடையில கம்மிங்கறான்."

"அவன் வாங்குவான். அவனுக்குத்தான் டீ சொல்வேன்."

"அன்னைக்கு மாடியில எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க." அவள் எழுந்தாள். "எனக்கு உன் பணம் வேண்டாம், உன் சந்தேகம் வேணும். ஆனா தெரிஞ்சு சந்தேகப்படு. நாளைக்கு உங்க மாப்பிள்ளையோட வேன்ல போயிட்டு வா."

*

மறுநாள் காலையிலிருந்து மழை விடவேயில்லை. வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடியது. அது டிரைவர் பக்கம் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை. டயர்க்காரர் கண்ணை மறைத்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட் முழுவதும் சுற்றினார்.

பச்சைப் பெட்டி என்னவெல்லாம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். ஒரு மண்டியில் அது ஸ்டூல். இன்னொரு மண்டியில் மூன்று பெட்டியைச் சேர்த்துப் போட்டு முதலாளி படுத்திருந்தார். முட்டைக்கடைக்காரர் அதைக் கவிழ்த்துக் கோழியை அடைத்திருந்தார். டீக்கடையில் அதன்மேல் அடுப்பு.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை? நான் சொன்னேன்ல?" டயர்க்காரருக்குக் கோபத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. ஊகம் பலித்த சந்தோஷம்.

"அவருகிட்ட கேளுங்க மச்சான், பெட்டியைக் கொடுன்னு."

டயர்க்காரர் இறங்கிப் போய், படுத்திருந்தவரை எழுப்பினார். இருவரும் பழைய பழக்கம்.

"ஏன்யா, இது வாடகைப் பெட்டிதானே? கட்டில் வாங்கக் காசில்லையா?"

"வாடகை கட்டறேன்ல," என்றார் மண்டிக்காரர் எழுந்திருக்காமலே. "நாள் ஆக ஆக உன் தங்கச்சி வாடகையை ஏத்திக்கிட்டே போறா. எட்டாம் நாள் போன்ல மணி அடிக்குது. அதுக்கப்புறம் அடுத்த லோடுக்குப் பெட்டி தர மாட்டேங்கறா. ஒரு தடவை கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அண்ணன் முகத்துக்காகன்னேன்."

"என்ன சொன்னா?"

"அண்ணன் டயரைச் சும்மா தருவாரான்னு கேட்டா."

டயர்க்காரர் வேனுக்குத் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை பன்னைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். வாங்கிக்கொண்டார்.

"அப்போ பெட்டியை வச்சுக்கிட்டா அவளுக்கு நஷ்டம் இல்ல. லாபம்."

"லாபம்னு சொல்ல முடியாது மச்சான். சீசன்ல பெட்டி சுத்தணும். ஆளாளுக்குக் கட்டில் போட்டுட்டா வாடகையை ஏத்தி என்ன பண்றது, மாம்பழத்தை வாடகையிலயா அடுக்க முடியும்? அந்த இடத்துல ஒரு ஓட்டை இருக்கு. அவளுக்கும் தெரியும். வேலை செய்யற நேரம்தவிர அதையேதான் யோசிக்கிறா. இன்னும் முழுசா அடைபடல."

மழைக்குள் அடுத்த மண்டி வந்தது. டயர்க்காரர் தாமாகவே இறங்கிக் காலிப் பெட்டிகளைத் தூக்கி வேனில் அடுக்க ஆரம்பித்தார். அடுக்க அடுக்க மனதுக்குள் ஒரு விலை உருவாகிக்கொண்டே வந்தது. தங்கை சொன்ன விலை இல்லை. ஆனால் சும்மா இல்லை. இந்த விலைக்குக் கிடைத்தால் விடக் கூடாது என்று நினைத்த கணத்தில் கையிலிருந்த பெட்டியோடு நின்றுவிட்டார். மனை வாங்கின காலத்தில்தான் இந்த அரிப்பு வரும். கூடப் பிறந்தவள் என்ற எண்ணமே அப்போது அவருக்கு இல்லை.

*

இன்னொரு முறை கூட்ட வேண்டும் என்று கேட்டபோது பெயின்ட்காரர் நெளிந்தார். "அந்த விஷயம்தான் முடிஞ்சுதே. வீட்டுப் பொண்ணை எதுக்குத் திரும்பக் கூப்பிட்டு..." என்று இழுத்தார். டயர்க்காரர் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே மேஜை, சுவரில் அதே பச்சைப் பெட்டி.

"முதல்லயே சொல்லிடறேன்," என்றார் டயர்க்காரர். "இவ என் தங்கச்சி. அதை மனசுல வச்சுக்கிட்டு நான் பேசறதைக் கேளுங்க. போன தடவை எழுந்து போனேன். இந்தத் தடவை போகல. எனக்கு இதுல பங்கு வேணும். ஆனா இந்த அம்மா சொல்ற விலைக்கு இல்ல."

மேஜையைச் சுற்றி லேசான சலசலப்பு. மருந்துக்கடைக்காரர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"என்ன விலைக்கு வேணும்?" என்றாள் தங்கை.

"அதே பணத்துக்கு அஞ்சுல ஒரு பங்கு."

"அஞ்சுல ஒண்ணா? பழைய டயருக்கு விலை பேசறீங்களாண்ணே?" கூட்டத்தில் அவள் அவருக்கு மரியாதை கொடுத்துப் பேசினாள்.

"பழைய டயர்னா உருளவாவது செய்யும். உங்க பெட்டி மண்டியில போய்ப் படுத்துக்குதே. நேத்து முந்தாநாள் கண்ணால பார்த்தேன். ஒருத்தர் மூணு பெட்டி போட்டுத் தூங்கறார். ஒரு கோழி குடும்பம் நடத்துது."

யாரோ சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை.

"தூங்கறவர் வாடகை கட்டிட்டுத் தூங்கறார். எட்டு நாள் தாண்டினா அடுத்த லோடு கிடையாது."

"சாதாரண நாளுக்கு அது போதும். மாம்பழம் இறங்கற வாரத்துல? எல்லாரும் பெட்டியைப் பதுக்குவான். அன்னைக்கு நீங்க வாடகையை ஏத்தினா கட்டிட்டு வச்சுக்குவான். பெட்டி இல்லாம கமிட்டி உங்க கழுத்தைப் பிடிக்கும். அதுக்கு வழி இருக்கா?"

அதுதான் ஓட்டை. மாப்பிள்ளை சொன்னதை இப்படிச் சபையில் வைப்பார் என்று தங்கை எதிர்பார்க்கவில்லையோ என்னவோ, அவள் முகம் ஒரு கணம் சிவந்தது. டயர்க்காரர் அதைக் கவனித்தார். ஆனாலும் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"முழு வழி இல்ல," என்றாள் தங்கை. "பாதி வழி இருக்கு. சீசன்ல காலிப் பெட்டியை மண்டிக்காரர்கிட்ட விடப் போறதில்ல. சரக்கு இறங்கற இடத்துலயே எங்க ஆள் நின்னு, பழத்தைக் கொட்டினதும் வாங்கிக்கணும். அதுக்குக் கூலி ஆகும். அந்தச் செலவைச் சேர்த்துத்தான் இந்தப் பணம் கேக்கறேன். மீதிப் பாதியை இந்த சீசன்ல அடிபட்டுத்தான் கத்துக்கணும். தெரியாததைத் தெரியும்னு சொல்லிப் பணம் வாங்க மாட்டேன்."

"அப்ப ஆறுல ஒண்ணு."

"பத்துல ஒண்ணு."

"ஆறரை."

"ஆறரைன்னு ஒரு பங்கு எங்கண்ணே இருக்கு?"

"இல்லாட்டி உண்டாக்கு," என்று டயர்க்காரர் மேஜையைத் தட்டினார். சபையில் மரியாதை மறந்துபோனது. "ஏழுல ஒண்ணு. அதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன். ஓட்டையை வச்சுக்கிட்டு என்ன விலை பேசறே நீ?"

"ஓட்டையைப் பார்த்துட்டும் பங்கு வேணும்னு உட்கார்ந்திருக்கறது நீங்கதானே?"

"இரும்மா, இரு," என்று குறுக்கே விழுந்தார் பம்ப்செட் வியாபாரி. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "இறங்கற இடத்துல ஆளைப் போடறதுக்கு ராத்திரி பகல் ரெண்டு ஷிப்ட் வேணுமா?"

"வேணும்ணே."

"அந்தச் செலவு இதுல வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

மருந்துக்கடைக்காரர் கழுவுகிற தண்ணீரைப் பற்றிக் கேட்டார். பெயின்ட்காரர் பச்சை நிறம் வெயிலில் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த சங்கதி அது. கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. டீ வந்தது, ஆறியது, யாரும் தொடவில்லை. தங்கைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒன்றிரண்டு கேள்விக்குத் தெரியாது என்றே சொன்னாள். டயர்க்காரர் நடு நடுவே ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"நான் ஒன்பதுல ஒண்ணுக்கு வர்றேன்," என்றார் பம்ப்செட். "ஆனா நான் தனியா இல்ல. மருந்துக்காரரும் பாதி போட்டுக்கணும்."

மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். பெயின்ட்காரர், "என்னை விட்டுட்டு எப்படி? என் மாடியில உட்கார்ந்துக்கிட்டு?" என்று தானும் சேர்ந்துகொண்டார்.

எல்லாரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒன்பதுல ஒண்ணு. சரி," என்றாள்.

டயர்க்காரர் கையைத் தூக்கினார். "நானும் ஒன்பதுக்கே வர்றேன். என்னையும் சேர்த்துக்கோ."

"இல்லண்ணே."

"என்ன இல்ல?"

"வேண்டிய பணம் இவங்க மூணு பேர்கிட்டயே வந்துடுச்சு. நீங்க ஏழுலயே நின்னுட்டீங்க. இவங்க முதல்ல ஒன்பதுக்கு வந்தாங்க. இப்ப உங்களை உள்ள விட்டா இவங்க பங்கைக் குறைக்கணும். அது முறையா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. குரலில் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குக் கொடுக்கிற மரியாதை மட்டும் இருந்தது.

"அடேயப்பா," என்று பெயின்ட்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. "கேட்டு வந்த அண்ணனையே வெளிய நிறுத்திட்டா. அப்போ இதுல பெருசா ஏதோ இருக்கு."

பம்ப்செட் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருக்கலாமோ என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

டயர்க்காரர் பேசின பேரம் நடிப்பாக இருந்திருந்தால் வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கலாம். நடிப்பு இல்லையே. அந்தப் பங்கு அவருக்கு வேண்டியிருந்தது. ஈரப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அதற்கு ஒரு விலையை அவரே கண்டுபிடித்திருந்தார். அதைக் கொஞ்சம் குறைவாகக் கண்டுபிடித்துவிட்டார்.

போன் அடித்தது. மனைவி. ஜன்னலோரம் போய் எடுத்தார்.

"என்னங்க ஆச்சு? ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க. மூணு பேர் போடறாங்க. சீசனுக்குப் பெட்டி வந்துடும்."

"அப்பாடா. அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

டயர்க்காரர் திரும்பிப் பார்த்தார். மேஜைமேல் நான்கு தலைகள் ஒட்டிக் குனிந்திருந்தன. தங்கை எதையோ சொல்ல, மற்ற மூவரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சேர்த்துக்கல," என்றார்.

"யாரை?"

"என்னை."